சோதனைக்கு வெட்டிய பால்

பட்டமளிப்பு அங்கியை வாடகைக்கு எடுக்கும் முன்பே நம்மில் பலர் வேலை தேடத் தொடங்கிவிடுகிறோம். இறுதியாண்டின் இரண்டாம் பருவத்தில் நூலகத்திற்குப் போய்ப் பார்த்தால், பாதிப் பேர் ஆய்வேட்டோடும் மீதிப் பேர் தன்விவரக் குறிப்போடும் போராடிக்கொண்டிருப்பார்கள். அந்த விண்ணப்பங்களுக்கு எப்போதாவது பதில் வருகிறது. வரும்போது, அண்மைக் காலமாக ஒரு வாக்கியமும் கூடவே வருகிறது: "நேர்முகத் தேர்வுக்கு முன்னதாக ஒரு சிறிய திறன் சோதனை இருக்கும்." அந்தச் 'சிறிய' என்ற சொல்லை நண்பர்கள் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

வணிகத் துறையில் பயிலும் என் தோழி ஒருத்திக்குக் கிடைத்த 'சிறிய' சோதனை, ஓர் அழகுப் பொருள் கடைக்கு மூன்று மாதத்திற்கான விளம்பரத் திட்டம். படங்களோடு, வாசகங்களோடு, நாள்வாரியாக. கணினித் துறை நண்பர் ஒருவருக்கு, முன்பதிவு செய்யும் வசதியுடன் ஓர் இணையப்பக்கம். கணக்கியல் படித்த இன்னொருவருக்கு ஓர் அட்டைப்பெட்டி நிறைய ரசீதுகள். பயிற்சிக்காகத் தயாரித்த ரசீதுகள் அல்ல. ஒரு கடையின் ஓராண்டு உண்மை ரசீதுகள். அவர் நான்கு நாள் உட்கார்ந்து அவற்றைக் கணக்கில் ஏற்றினார். இம்மூவரில் ஒருவருக்குத்தான் வேலை கிடைத்தது. மற்ற இருவருக்கும் 'இல்லை' என்ற பதில்கூட வரவில்லை. மூவரில் எவருக்கும் அந்த உழைப்புக்கு ஒரு சென் கொடுக்கப்படவில்லை.

திறன் சோதனையே வேண்டாம் என்று வாதிட நான் வரவில்லை. சொல்லப்போனால் நம்மைப் போன்றவர்களுக்குச் சோதனைதான் வேண்டும். நான் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் வந்தவள். நேர்முகத் தேர்வில் என் ஆங்கிலம் தடுக்கும். அறைக்குள் நுழையும்போது என் உடையும் நடையும் கோலாலம்பூர் பிள்ளைகளுடையவை போல இரா. பேச்சை மட்டும் வைத்து ஆளை எடுத்தால் நான் வெளியே. வேலையைக் கொடுத்துப் பார்த்து எடுத்தால் நான் உள்ளே. லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலிட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்று பலருக்கு நினைவிருக்கலாம். கற்பனையான மலாய், சீனப் பெயர்களில் பொறியியல், கணக்கியல் பட்டதாரிகளின் விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒத்திருந்தும் அழைப்பு ஒத்திருக்கவில்லை. சீனப் பெயர்களுக்கே மிகுதியாக அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்து ஆளை எடைபோடும் நாட்டில், பெயரை மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும் சோதனை ஒரு வரம்தான். ஆராய்ந்து பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களையே ஒதுக்கியிருக்கிறார். ஆராயும் பொறுப்பு ஆள் எடுப்பவருக்குத்தான். அதன் செலவும் அவருக்குத்தானே இருக்க வேண்டும்?

ஆக, சோதனை வேண்டுமா வேண்டாமா என்பதன்று வினா. எது வரைக்கும் அது சோதனை, எங்கிருந்து அது வேலை? இந்த எல்லைக்கோட்டை எனக்குக் காட்டியவர் ஒரு பேராசிரியரோ வழக்குரைஞரோ அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய என் பாட்டி.

என் தோழியின் அழகுப் பொருள் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். 'இன்ஸ்டாகிராம்' என்பதை விளக்கவே பத்து நிமிடம் ஆயிற்று என்பது வேறு கதை. கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மரம் வெட்டத் தெரியுமான்னு பாக்க மண்டோருக்குப் பத்து மரம் போதும் பாப்பா. பட்டைய எம்புட்டுத் தடிப்பா சீவுறா, காயம் படுதா இல்லையா, கோடு சாய்வா வருதா, அம்புட்டுத்தான். முழு நெரையும் வெட்டச் சொல்லி, பாலையும் ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போனா அது பாக்குறதா? அது வேலை வாங்குறது."

தோட்டம் பார்க்காத தம்பி தங்கைகளுக்காகச் சற்று விளக்குகிறேன். பால்மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அதைத் தொடாமல், அதற்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் முன்பே கத்தியை நிறுத்த வேண்டும். தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மறுமுறை அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட இயலாது. கோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பால் மங்குக்கு வராமல் பட்டை வழியே வழிந்துவிடும். பட்டையைத் தடிப்பாகச் சீவினால் மரத்தின் ஆயுளே குறையும். விடியுமுன் இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் செய்யும் வேலை இது. இத்தனை நுணுக்கமான கைத்திறனையே பத்து மரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்றால், ஒருத்திக்கு மலாயிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க வருமா என்பதைக் கண்டுபிடிக்க எத்தனை பக்கம் தேவைப்படும்? ஒரு நிரை என்பது 400, 500 மரம். பத்து மரம் சோதனை. நானூறு மரம் வேலை. அந்த நானூறு மரத்துப் பால் ஸ்டோருக்குப் போய் நிறுவையில் ஏறிவிட்டால், அது வேலைதான் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம்.

இதை வைத்து அந்தக் காலத் தோட்டத்தை நியாயத்தின் இருப்பிடமாக நான் காட்டப் போவதில்லை. பெயர் ஏறாத உழைப்பு நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது, 1938-இல் இந்திய அரசின் தடையால் கங்காணி வழி ஆள் எடுப்பதும் நின்றது என்றெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். முறைகள் போயினும் செக்ரோல் போகவில்லை. செக்ரோலில் ஒரு பெயர் இருக்கும். நிரையில் மூன்று பேர் இருப்பார்கள். அம்மா வெட்டுவார், மூத்த பிள்ளை மங்கு துடைக்கும், இளையது ஒட்டுப்பால் உரிக்கும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கணவர் குலை வெட்டுவார், மனைவியும் பிள்ளைகளும் உதிரிப் பழம் பொறுக்குவார்கள். பெயர் அப்போதும் ஒன்றுதான். என் பாட்டியும் தம் பதின்மூன்றாம் வயதில் தாயாரின் பின்னால் போய்த்தான் தொழில் கற்றார். பல மாதம் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. பாட்டி வெட்டிய பால் தாயாரின் வாளியில் சேர்ந்தது. நிறுவையில் தாயாரின் கணக்கில் ஏறியது. அந்த வீட்டுக்கு அது காசாக வந்தது. கூலி குறைவு, நிறுவையில் மோசடி, மழை பெய்தால் அதுவும் இல்லை என்ற குறைகள் எல்லாம் உண்மை. அவற்றை எதிர்த்துத்தான் சங்கங்கள் எழுந்தன. பி.பி.நாராயணன் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியது இதே நெகிரி செம்பிலானில்தான்; சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றிணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கணக்கு சரியில்லை என்று அவர்கள் போராட முடிந்தது. கணக்கென்று ஒன்று இருந்ததால்தான் அது முடிந்தது. இன்று பட்டதாரி செய்யும் 'சோதனை'ப் பணிக்கு எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றியதாகிவிடும். பகுதி நேர மொழிபெயர்ப்பாளர் தேவை என்ற விளம்பரத்துக்கு விண்ணப்பித்தேன். மறுநாளே மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. மலாயில் எழுதப்பட்ட ஒரு பயனர் கையேட்டின் ஒன்பது பக்கம். இரண்டு நாளில் தமிழாக்கித் தர வேண்டும், 'திறன் சோதனை'. உட்கார்ந்து செய்தேன். கலைச்சொற்களைத் தேடி, 'தமிழ் லெக்சிக'னையும் கலைச்சொல் அகராதிகளையும் புரட்டி, மொத்தம் 14 மணி நேரம். முடித்தபிறகுதான் பக்க எண்ணைப் பார்த்தேன்: 10 முதல் 18 வரை. பக்கத்து விடுதியில் அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்த தோழியின் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்: 1 முதல் 9 வரை.

நண்பர்களே, ஒரே பதவிக்குப் போட்டியிடும் இருவருக்கு வெவ்வேறு வினாத்தாளைக் கொடுத்துவிட்டு எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது? எஸ்.பி.எம். தேர்வில் அப்படிச் செய்தால் நாடே கொந்தளிக்காதா? ஒப்பிட முடியாத ஒன்றைச் 'சோதனை' என்று சொல்வது சொற்குற்றம் மட்டுமன்று. அங்கே நிகழ்ந்தது, ஒரு கையேட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, விண்ணப்பதாரர்களிடம் பங்கு போட்டுக் கொடுத்தது. நான் என் ஒன்பது பக்கத்தில் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினேன். "மீதி எட்டுப் பக்கமும் தயாராக உள்ளன, பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் உறுதியானதும் அன்றே அனுப்புகிறேன்" என்று மரியாதையாகவே எழுதினேன். பதில் இல்லை. தோழி முதல் நாளிலேயே முழுவதையும் அனுப்பியிருந்தார். அவருக்கும் பதில் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது; ஐவருக்கும் குறைவான ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் அது விரிந்தது. மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். என் 14 மணி நேரம் 122 ரிங்கிட் 8 சென். தோழிக்கும் அதே நேரம் பிடித்திருந்தால் இருவருக்கும் சேர்த்து 244 ரிங்கிட் 16 சென். இது மொழிபெயர்ப்புக்கான விலையன்று. எந்த வேலைக்கும் இதைவிடக் குறைத்துத் தரக்கூடாது என்று சட்டம் வகுத்த அடிமட்டம். அந்த அடிமட்டம்கூட எங்களுக்குச் சேராததற்குக் காரணம், சட்டத்தின் கண்ணில் நாங்கள் 'ஊழியர்' அல்ல, 'விண்ணப்பதாரர்'.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தேன். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், வேலை ஒப்பந்தம் செய்துகொண்டவரையே ஊழியராகக் கொள்கிறது. ஒப்பந்தம் இல்லையேல் கூலி கேட்க வாயில்லை என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் 101சி என்றொரு புதிய பிரிவு சேர்ந்திருக்கிறது. எழுத்து வடிவில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவர் இன்னொருவரின் கட்டுப்பாட்டிலும் கட்டளையிலும் வேலை செய்கிறார், அல்லது அவர் வேலை நேரத்தை இன்னொருவர் வகுக்கிறார், அல்லது கருவிகளை இன்னொருவர் தருகிறார், அல்லது அவர் செய்யும் வேலை அந்த வணிகத்தின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்கிறது என்றால், எதிர்த்தரப்பு மறுத்து நிறுவும்வரை அவரை ஊழியரென்றே அனுமானிக்க வேண்டும். இச்சட்டத்தின்கீழ் வரும் குற்ற வழக்குகளில் இந்த அனுமானம் செல்லும்.

இது யாருக்குக் கைகொடுக்கும் தெரியுமா? நம்மைவிட, படிப்பை இடையில் விட்ட நம் அண்ணன் தம்பிகளுக்கு. என் ஒன்றுவிட்ட அண்ணன் நீலாயில் ஓர் உணவகத்தில் 'ட்ரையல்' என்று மூன்று நாள் முழு நேரமும் நின்று மேசை துடைத்தார், பாத்திரம் கழுவினார், பில் போட்டார். நான்காம் நாள் "சரிப்படவில்லை, வேறு இடம் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொரு பையன் மூன்று நாள் 'ட்ரையல்' பார்த்ததாகக் கேள்வி. அவர் போட்டது கடை கொடுத்த சட்டை. நின்றது கடை சொன்ன நேரம். கழுவியது வாடிக்கையாளர் சாப்பிட்ட தட்டு. 101சி-யின் வரிகளை அவருக்காகவே எழுதியது போலிருக்கிறது. தோட்டத்திலிருந்து வெளியேறிச் செனவாங், நீலாய், சிரம்பான் என்று கடைகளையும் தொழிற்சாலைகளையும் நோக்கிப் போன நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படியொரு பிரிவு இருப்பது தெரியும்? தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்பதாவது தெரியுமா? சட்டம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுக்கதவைத் தானே வந்து தட்டாது.

வீட்டிலிருந்தபடி சொந்தக் கணினியில், சொந்த நேரத்தில் 'சோதனை' செய்யும் பட்டதாரிக்கு இந்தப் பிரிவு அவ்வளவு எளிதில் பொருந்தாது. அவருக்கு வேறொரு சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, ஒரு படைப்பின் உரிமை முதலில் அதைப் படைத்தவருக்கே. ஆனால் இன்னொருவர் பணித்ததன் பேரில் படைக்கப்பட்டதென்றால், மாற்று உடன்பாடு இல்லாத நிலையில், உரிமை பணித்தவருக்கு மாறிவிட்டதாகக் கொள்ளப்படும். இப்போது அந்த நிறுவனத்தை ஒரு கேள்வி கேட்கலாம்: என் ஒன்பது பக்கத்தை நீங்கள் பணித்துச் செய்வித்தீர்களா, இல்லையா? பணித்தோம் என்றால், பணித்த வேலைக்குக் கட்டணம் எங்கே? பணிக்கவில்லை, வெறும் சோதனைதான் என்றால், உரிமை என்னுடையது. அதிலிருந்து ஒரு வரியையும் நீங்கள் பயன்படுத்தக் கூடாது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்க முடியாது. என் வணிகத் துறைத் தோழிக்கு இந்த வாதமும் அரைகுறைதான். அவர் எழுதிய வாசகங்களும் வரைந்த படங்களும் காப்புப் பெறும். மூன்று மாதத் திட்டத்தின் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. யோசனையை எடுத்துக்கொண்டு வாசகத்தை மாற்றிவிட்டால் கதை முடிந்தது.

மற்ற நாடுகளிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1947-இல் போர்ட்லண்ட் டெர்மினல் என்ற ரயில் நிறுவனத்தின் வழக்கு வந்தது. ரயிலில் பிரேக் பார்க்கும் வேலைக்கு வருபவர்களை அந்நிறுவனம் ஏழெட்டு நாள் ஊதியமின்றிப் பழக்கியது. அவர்கள் ஊழியர்கள் அல்லர் என்று நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு நமக்கு எதிரானது போலத் தோன்றும். காரணத்தைப் படித்தால் பாட்டியின் குரல் கேட்கும்: அந்தப் பழகுநர்களால் நிறுவனத்துக்கு உடனடி நன்மை ஏதும் இல்லை, அவர்களால் சில வேளை வேலை தாமதப்பட்டதுதான் மிச்சம். பால் ஸ்டோருக்குப் போகவில்லை, ஆகவே கூலி இல்லை. நியூசிலாந்தில் 2013-இல் இதன் மறுபக்கம் தெரிந்தது. சாலட் விற்கும் கடையொன்றில் சில மணி நேரம் ஊதியமின்றிச் 'சோதனை'யாக நின்ற ஒரு பெண்ணை, அவர் உழைப்பால் கடைக்குப் பயன் கிடைத்திருக்கிறது என்பதால், ஊழியரென்றே வேலை நீதிமன்றம் ஏற்றது. ஆஸ்திரேலியாவில் ஊதியமற்ற சோதனை நேரம் திறமையைக் காட்டத் தேவையான அளவே இருக்க வேண்டும் என்றும், அது வேலைக்கேற்ப ஒரு மணி நேரம் முதல் ஒரு ஷிப்ட் வரை இருக்கலாம் என்றும், யாராவது உடனிருந்து பார்க்க வேண்டும் என்றும் அரசு அமைப்பே வழிகாட்டுகிறது. பிரிட்டனில் ஊதியமற்ற சோதனை ஷிப்டுகளைத் தடை செய்யும் தனிநபர் மசோதா ஒன்று 2018-இல் நாடாளுமன்றத்திற்கு வந்து, நேரம் கடத்திப் பேசியே வீழ்த்தப்பட்டது. வீழ்த்தப்பட்டாலும் அது அங்கே விவாதமாகவாவது ஆனது. நம் நாட்டில் இது விண்ணப்பதாரரின் முணுமுணுப்பாக விடுதி அறையோடு நின்றுவிடுகிறது.

நிறுவனத்தார் தரப்பையும் கேட்க வேண்டும். பட்டத்தை நம்பி ஆளெடுத்துச் சூடுபட்டவர்கள் அவர்களில் உண்டு. சி.ஜி.பி.ஏ. 3.8 வைத்திருக்கும் ஒருவரால் ஒரு கடிதத்தைப் பிழையின்றி எழுத முடியாத நிலையை நாமே நம் வகுப்பில் பார்க்கிறோம். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வேறு வந்துவிட்டன. வீட்டில் செய்து அனுப்பும் ஒன்பது பக்கம் யார் செய்தது என்பதற்கே உறுதி இல்லை. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்பதால்தான் கேட்கிறேன்: அப்படியானால் வீட்டுக்கு ஒன்பது பக்கம் அனுப்புவது எதற்காக? அலுவலகத்துக்கு வரச் சொல்லி, எதிரே உட்கார வைத்து, முந்நூறு சொல்லை ஒரு மணி நேரத்தில் மொழிபெயர்க்கச் சொன்னால் இந்த ஐயமே எழாதே. சென்ற ஆண்டு அச்சிட்டு முடித்த பழைய கையேட்டிலிருந்து ஒரு பக்கத்தை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கலாமே. சரியான விடை கையிலேயே இருப்பதால் திருத்துவதும் எளிது. இவ்வளவு வசதியான வழி இருக்க, இன்னும் அச்சேறாத கையேட்டைத்தான் கொடுப்பேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், அவர் தேடுவது ஆளையன்று.

இதில் அடிபடுவது எல்லோரும் ஒரே அளவிலன்று என்பதுதான் எனக்கு உறுத்தல். வீட்டில் வசதி இருப்பவர் மாதத்தில் நான்கு 'சோதனை' செய்துவிட்டு, ஐந்தாவதில் வேலை பிடிக்கலாம். பாதுகாவலர் வேலை பார்க்கும் தந்தையும் செனவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் தாயும் அனுப்பும் பணத்தில் படிக்கிறவருக்கு, 14 மணி நேரம் என்பது பகுதி நேர வேலையில் இரண்டு ஷிப்ட். அதை விட்டுக்கொடுத்தால் அந்த வாரச் சாப்பாட்டில் இடிக்கும். விடுமுறையில் வீட்டுக்குப் போயிருக்கும்போது சோதனை வந்தால் இன்னும் சிக்கல். எங்கள் தோட்டத்தில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பது கோயில் திடலில். கோப்பை அனுப்ப இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முனியாண்டி கோயில் திண்ணைக்குப் போன பட்டதாரிகள் எங்கள் ஊரில் உண்டு. நேரில் வரச் சொன்னாலோ, தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கு யாராவது மோட்டாரில் கொண்டுவிட வேண்டும், அங்கிருந்து கோமுட்டர் ரயில். நான் மேலே அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். அப்படி வரச் சொன்னால் போக்குவரத்துச் செலவையும் அவர்களே கொடுப்பதுதான் முறை.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு கேடும் இதில் இருக்கிறது. மலாய்–தமிழ் மொழிபெயர்ப்புக்குச் சந்தை மிகச் சிறியது. தமிழில் கையேடு வேண்டும், அறிவிப்பு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களே சிலர்தாம். அந்தச் சிலரிடமும் விண்ணப்பதாரரை வைத்து இலவசமாக முடித்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் படிந்துவிட்டால், தமிழுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே அற்றுப்போகும். தமிழ்த்தொண்டு என்று நாம் மனமுவந்து செய்பவை ஏராளம். இந்த இதழுக்கு எழுதுகிற எனக்கோ, அச்சுப்பிழை திருத்துகிற தம்பிக்கோ யாரும் காசு தருவதில்லை, கேட்கவும் மாட்டோம். அது நாமாகக் கொடுப்பது. தொண்டு என்ற சொல்லை ஒரு வணிக நிறுவனம் எடுத்து வீசும்போதுதான் வலிக்கிறது. "உங்கள் தாய்மொழிக்குத்தானே செய்கிறீர்கள்" என்று என் தோழியிடம் தொலைபேசியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கையேடு ஒரு தண்ணீர் வடிகட்டிக்கானது.

இனி வரும் ஆண்டில் விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகள், சோதனை என்று கோப்பு வந்ததும் திறக்கு முன் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எல்லா விண்ணப்பதாரருக்கும் இதே வினாதானா, இதை நிறுவனம் பயன்படுத்துமா, பயன்படுத்தினால் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். பணிவாகக் கேட்டால் போதும். நேர்மையான நிறுவனம் இதற்குக் கோபப்படாது. கோபப்படுகிற நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் மிகை நேரச் சம்பளம் கேட்கும்போது என்ன நடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இப்படியெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமே என்று அம்மாமார் பயப்படுவார்கள். என் அம்மாவும் பயந்தார். பயத்தில் நியாயம் இருக்கிறது. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒருவர் மட்டும் கேள்வி கேட்டால் அவரைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் இதைத் தனியாளின் துணிச்சலுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு ஆண்டுதோறும் நிறுவனங்களை அழைத்துக் கண்காட்சி நடத்துகிறது. கடை விரிக்க இடம் கேட்கும் நிறுவனங்களிடம், விண்ணப்பதாரரின் சோதனைப் பணியை ஊதியமின்றிப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்க அந்தப் பிரிவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நம் கழகம் மற்ற மொழிக் கழகங்களோடு சேர்ந்து இதைக் கேட்கலாம். இது இன வழக்கன்று. என் கணினித் துறை நண்பர் ஒரு மலாய்க்காரர், ரசீதுப் பெட்டி சுமந்தவர் ஒரு சீனர்.

முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று ஆளெடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். சிலர் சொந்த நிறுவனமே நடத்துகிறீர்கள். அடுத்த முறை சோதனை தயாரிக்கும்போது பத்து மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வெட்டச் சொல்வதானால் நிறுவைக் கணக்கு எழுதுங்கள். கழக அறையில், அலமாரியின் இரண்டாம் தட்டில், இந்த மாதம் முதல் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கும். எந்த மாதிரிப் பதவிக்கு என்ன சோதனை வந்தது, எத்தனை மணி நேரம் பிடித்தது, பணம் கிடைத்ததா, பதில் வந்ததா என்று விண்ணப்பிப்பவர்கள் அதில் எழுதி வைக்கலாம். முதல் நான்கு பதிவுகளை நாங்கள் எழுதிவிட்டோம்.